அணுக்கருவும் அதன் உருவமும்

தாம்பரத்திற்குத் தெற்கே, திருச்சி நெடுஞ்சாலையை ஒட்டிப் பீர்க்கன்கரணை என்னும் ஊர் உள்ளது. முன்னாளில் சிற்றூராய் இருந்த அது, வீடுகள் நெருங்கிய நகர்ப்புறமாக வளர்ந்து, 2021-ஆம் ஆண்டில் தாம்பரம் மாநகராட்சியோடு இணைந்தது. ஆயினும் ஊரின் பழைய ஏரி மறைந்து போகவில்லை. ஊரின் பெயரைக் கேட்ட அளவிலே பீர்க்கங்கொடியும், அதில் நீண்டு தொங்கும் காயும் நினைவிற்கு வரும்.

ஏரிக்கரையில் விளையாடும் சிறுவரை உற்று நோக்கினால் ஓர் உண்மை புலப்படும். உருண்டைக் கல்லை நீர்மேல் எறிந்தால், அஃது உடனே மூழ்கிவிடும். அதே எடையுள்ள தட்டையான ஓட்டாஞ்சில்லைச் சாய்த்து எறிந்தால், அது நீர்ப்பரப்பைத் தொட்டுத் தொட்டுத் தாவி, நெடுந்தொலைவு சென்ற பின்னரே அமிழும். எடை ஒன்று, விரைவு ஒன்று, எறிந்த கையும் ஒன்று, விளைவு மட்டும் வேறு. இவ்வேற்றுமைக்குக் காரணம் உருவமே அன்றோ?

கல்லுக்கும் ஓட்டுக்கும் பொருந்தும் இவ்வுண்மை, கண்ணுக்குப் புலனாகாத அணுவின் உள்ளிருக்கும் கருவிற்கும் பொருந்துமா? பொருந்தும் என்பதை இந்நூற்றாண்டில் நிகழ்ந்த ஆராய்ச்சிகள் காட்டியுள்ளன. அவ்வரலாறே இப்பாடத்தின் பொருளாகும்.

கருவின் அளவும் அமைப்பும்

அணுவின் நடுவே மிகச் சிறிய கரு ஒன்று உண்டு என்பதை 1911-ஆம் ஆண்டில் ரூதர்போர்டு என்னும் அறிஞர் நிறுவினார். மெல்லிய தங்கத் தகட்டின்மீது நுண்துகள்களைச் செலுத்தியபோது, அவற்றுள் மிகச் சில சுவரில் பட்ட பந்துபோல் பின்னோக்கித் திரும்பின. அதனைக் கண்டு, அணுவின் எடை முழுதும் நடுவில் ஒரு புள்ளி போன்ற இடத்தில் திரண்டிருத்தல் வேண்டும் என அவர் துணிந்தார். அக்கருவினுள் புரோட்டான், நியூட்ரான் என்னும் இருவகைத் துகள்கள் அடங்கியுள்ளன என்பது பின்னர்த் தெளிவாயிற்று. தங்கத்தின் கருவில் 79 புரோட்டான்களும் 118 நியூட்ரான்களும் உள்ளன. யுரேனியத்தின் கருவில் 92 புரோட்டான்களும் 146 நியூட்ரான்களும் உள்ளன.

இத்துணைத் துகள்களைத் தன்னகத்தே கொண்ட கருவின் அளவு யாது? ஒரு மீட்டர் நீளத்தைக் கோடி கூறாக்கி, அக்கூறுகளுள் ஒன்றை மீண்டும் கோடி கூறாக்குக. அவ்வாறு பெற்ற ஒரு கூற்றினும் சற்றே பெரியது தங்கக் கருவின் குறுக்களவு. எத்தகைய உருப்பெருக்கியாலும் ஒளியின் துணைகொண்டு இதனைக் காணல் இயலாது.

காணவியலாத பொருளை உருண்டை என்று கருதுதல் எளிது. மழைத்துளியும் பனித்துளியும் உருண்டு திரள்வது போலக் கருவும் உருண்டு திரண்டிருக்கும் என்று தொடக்கத்தில் பலரும் எண்ணினர். ஈயக் கருவைப் பொறுத்தவரை அவ்வெண்ணம் பிழையன்று. விருந்துப் பந்தியில் வரிசை வரிசையாக இலையிடுவர். ஒரு வரிசை நிரம்பிய பின்னரே அடுத்த வரிசையில் அமர்வர். கருவினுள்ளும் துகள்களுக்கு இத்தகைய வரிசைகள் உண்டு. 2, 8, 20, 28, 50, 82, 126 என்னும் எண்ணிக்கைகளில் வரிசைகள் நிரம்புகின்றன. ஈயக் கருவில் 82 புரோட்டான்களும் 126 நியூட்ரான்களும் அமைந்து, இருவகை வரிசைகளும் ஒருசேர நிரம்பியுள்ளன. ஆதலின் அது விளாம்பழம்போல் உருண்டிருக்கின்றது. இவ்வரிசை அமைப்பை 1949-ஆம் ஆண்டில் விளக்கிக் காட்டிய மரியா கோப்பர்ட் மேயர் என்னும் பெண்மணிக்கும், ஜென்சன் என்னும் அறிஞருக்கும் 1963-ஆம் ஆண்டில் நோபெல் பரிசு கிடைத்தது.

ஆனால் எல்லாக் கருக்களிலும் பந்தி நிரம்புவதில்லை. நிரம்பாத வரிசையிலுள்ள துகள்கள் ஒருபுறமாக இழுத்தலால், கரு முழுவதுமே உருத்திரிந்து நீளவோ தட்டையாகவோ கூடும். இக்கருத்தை 1950-ஆம் ஆண்டில் ரெயின்வாட்டர் வெளியிட்டார். ஆகே போர், மோட்டல்சன் என்னும் இருவர் அதனை விரித்து வளர்த்தனர். இம்மூவரும் 1975-ஆம் ஆண்டில் நோபெல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர். இவ்வகையில் யுரேனியக் கரு நீண்ட உருவம் உடையது. பீர்க்கங்காய்போல் மிக நீண்டதன்று. அதன் அகலத்தைப் பத்துப் பங்காகக் கொண்டால் நீளம் ஏறத்தாழப் பதின்மூன்று பங்கு எனலாம். இருமுனையும் ஒத்த ஒரு முட்டையை அதற்கு உவமை கூறலாம்.

சுழலும் பொருளைப் படமெடுத்தல்

கருவின் உருவத்தை அறியப் பழைய முறைகள் சில உள்ளன. கருவிற்குச் சிறிது ஆற்றலை ஊட்டி, அது சுழன்று வெளிவிடும் கதிர்களை அளந்து, உருவத்தை உய்த்துணர்வது அவற்றுள் ஒன்று. இம்முறையில் ஒரு குறை உண்டு. சுழலும் மின்விசிறியைக் கண்ணால் நோக்கினால் இதழ்கள் தனித்தனியே தோன்றா. ஒரு வட்டமே தோன்றும். அதுபோலப் பழைய முறைகள் காட்டுவது, கரு பலகாலும் சுழன்ற பின் கிடைக்கும் சராசரித் தோற்றமே. இதழ்களைத் தனித்தனியே காண வேண்டுமாயின், கண்ணிமைப்பினும் விரைவாகப் படமெடுக்கும் கருவி வேண்டும்.

அத்தகைய விரைந்த படக்கருவியாக அமைந்ததே கன அயனி மோதல். எலெக்ட்ரான்களை இழந்து மின்னேற்றம் பெற்ற அணு அயனி எனப்படும். தங்கம், யுரேனியம் முதலிய கனத்த அணுக்களின் எலெக்ட்ரான்களை நீக்கி, எஞ்சிய கருக்களை ஒளியின் விரைவை ஒட்டிய விரைவில் எதிரெதிரே செலுத்தி மோதவிடுவது இம்முறை. அமெரிக்க நாட்டில் நியூயார்க்கு மாநிலத்தின் லாங் தீவிலுள்ள ப்ரூக்ஹேவன் ஆய்வகத்தில் இதற்கென 3.8 கிலோமீட்டர் சுற்றளவுள்ள வளையம் ஒன்று அமைக்கப்பெற்று, 2000-ஆம் ஆண்டில் பணி தொடங்கிற்று. அவ்வளையத்தில் தங்கக் கருக்கள் ஒளியின் விரைவில் நூற்றுக்கு 99.995 பங்கு விரைவை எய்தின.

இத்துணை விரைவில் செல்லும் பொருள், செல்லும் திசையில் குறுகித் தோன்றும் என்பது ஐன்ஸ்டீன் 1905-ஆம் ஆண்டில் வெளியிட்ட கொள்கையின் முடிபு. ப்ரூக்ஹேவன் வளையத்தில் கருவின் தடிப்பு ஏறக்குறைய நூறில் ஒரு பங்காகக் குறுகிற்று. எதிரெதிரே வந்தவை உருண்டைகள் அல்ல. இரண்டு அப்பளங்கள் என்றே கொள்ளலாம். ஆயினும் அப்பளத்தின் விளிம்பு வடிவம் மாறுவதில்லை. கரு முன்னிருந்து நோக்க வட்டமாயின் அப்பளமும் வட்டம். நீள்வட்டமாயின் அப்பளமும் நீள்வட்டம்.

இவ்விரு அப்பளங்களும் ஒன்றையொன்று ஊடுருவிச் செல்ல ஆகும் நேரம் மிகமிகச் சிறிது. ஒரு விநாடியைக் கோடி கூறாக்கி, அதில் ஒன்றைக் கோடி கூறாக்கி, அதிலும் ஒன்றைக் கோடி கூறாக்கினால் வரும் சிறு நேரத்தை ஒட்டியே கருவின் சுழற்சி நிகழ்கின்றது. மோதும் நேரமோ அதனினும் ஆயிரத்தில் ஒரு பங்கிற்குக் குறைவு. ஆதலின் மோதும் நொடியில் கரு எத்திசை நோக்கி, எவ்வுருவில் இருந்ததோ, அவ்வாறே உறைந்து நின்றாற்போல் அகப்படுகின்றது.

மோதலில் பிறக்கும் தீக்குழம்பு

மோதிய கருக்கள் என்ன ஆகின்றன? புரோட்டான்களும் நியூட்ரான்களும் உருகி, தம் உள்ளே அடங்கிக் கிடந்த குவார்க்குகளையும் குளுவான்களையும் வெளிப்படுத்துகின்றன. அவை ஒன்றாய்க் கலந்த தீக்குழம்பு ஒன்று கணநேரம் தோன்றுகின்றது. அதன் வெப்பம் நான்கு இலட்சம் கோடி டிகிரி அளவினது என 2010-ஆம் ஆண்டில் ப்ரூக்ஹேவன் அறிஞர் அறிவித்தனர். கதிரவனின் நடுப்பகுதி வெப்பமோ ஏறத்தாழ ஒன்றரைக் கோடி டிகிரியே. உலகம் தோன்றிய முதல் நொடியின் மிகச் சிறு பகுதியில் எங்கும் இக்குழம்பே நிறைந்திருந்தது என்பர். இக்குழம்பு வாயுவைப் போலப் பரவும் என்றே அறிஞர் முதலில் எதிர்பார்த்தனர். அஃது உராய்வு மிகக் குறைந்த நீர்மம்போல் ஓடுகின்றது என்பதை 2005-ஆம் ஆண்டளவில் கண்டு வியந்தனர்.

குழம்பு நீர்மமாக ஓடுவதாற்றான் கருவின் உருவம் வெளிப்படுகின்றது. இதனைப் பீர்க்கன்கரணை ஏரிக்கரையை நினைவில் கொண்டு விளக்கலாம். கரையின் உயரம் எங்கும் ஒன்றே எனக் கொள்க. ஒரு பக்கம் அவ்வுயரம் நெடுந்தொலைவில் மெல்ல இறங்குகின்றது. மற்றொரு பக்கம் குறுகிய தொலைவில் செங்குத்தாக இறங்குகின்றது. மழைநீர் எப்பக்கம் விரைந்தோடும்? செங்குத்தான பக்கமே. நீள்வட்டமான தீக்குழம்பின் நிலையும் இதுவே. நடுவில் அழுத்தம் மிகுதி. விளிம்பில் அழுத்தம் இல்லை. நீண்ட பக்கத்தில் அவ்வழுத்தம் மெல்லக் குறைகின்றது. குறுகிய பக்கத்தில் விரைந்து குறைகின்றது. ஆதலின் குழம்பு குறுகிய பக்கமாகவே மிகுந்த விசையோடு பாய்கின்றது. குழம்பு குளிர்ந்து ஆயிரக்கணக்கான துகள்களாகச் சிதறும்போது, அப்பக்கம் துகள்கள் மிகுதியாகச் செல்கின்றன. இதனை நீள்வட்ட ஓட்டம் என்பர். எத்திசையில் எத்தனை துகள்கள் சென்றன என்று எண்ணினால், மறைந்துபோன குழம்பின் உருவத்தை மீட்டுணரலாம்.

ஆனால் இங்கு ஒரு தடை உண்டு. உருண்டையான கருக்களே ஆயினும், அவை நேருக்கு நேர் மோதாது விலகி உராய்ந்து சென்றால், ஒன்றன்மேல் ஒன்று படியும் பகுதி கண்ணின் வடிவாய் அமையும்; அதனாலும் நீள்வட்ட ஓட்டம் பிறக்கும். எனவே கருவின் இயல்பான உருவத்தை அறிய விரும்புவோர், முழுதும் நேருக்கு நேர் நிகழ்ந்த மோதல்களையே தெரிந்தெடுத்தல் வேண்டும். முழு மோதலில் துகள்கள் மிகப் பலவாய்ப் பிறக்கும். உரசலில் சிலவே பிறக்கும். ஆகவே துகள்களின் தொகையே மோதலின் தன்மையைக் காட்டிக்கொடுக்கும்.

தங்கமும் யுரேனியமும்

ப்ரூக்ஹேவன் வளையத்தில் 2012-ஆம் ஆண்டில் யுரேனியக் கருக்களை மோதவிட்டனர். முழுதும் நேருக்கு நேர் மோதினும், முட்டை போன்ற இரு பொருள்கள் பலவகையாக மோதக்கூடும். அவற்றுள் இரண்டு வகை சிறப்பாக அறியத்தக்கன.

முதலாவது, முனையும் முனையும் மோதுவது. அப்போது முன்னிருந்து நோக்கத் தோன்றுவது சிறிய வட்டம். இருபுறத்துத் துகள்களும் அச்சிறு வட்டத்திற்குள் நெருங்குதலால் குழம்பு மிகச் செறிந்து சூடாகும். அதிலிருந்து தெறிக்கும் துகள்கள் மிகுந்த உந்தம் பெறும். வட்டம் ஆதலின் நீள்வட்ட ஓட்டம் குறையும். இரண்டாவது, பக்கமும் பக்கமும் பொருந்த மோதுவது. அப்போது தோன்றுவது பெரிய நீள்வட்டம். பரப்பு மிகுதலால் செறிவு குறையும். துகள்களின் உந்தமும் குறையும். நீள்வட்டம் ஆதலின் அவ்வோட்டம் மிகும். சுருங்கக் கூறின், யுரேனியம் நீண்டிருத்தல் உண்மையாயின், ஓட்டம் மிகுந்த மோதல்களில் உந்தம் குறைந்தும், உந்தம் மிகுந்த மோதல்களில் ஓட்டம் குறைந்தும் இருத்தல் வேண்டும்.

ஸ்டார் என்னும் கருவியைக் கொண்டு ஆய்ந்த குழுவினர், தங்க மோதல்களையும் யுரேனிய மோதல்களையும் ஒப்பு நோக்கினர். எதிர்பார்த்த ஏற்றத்தாழ்வு யுரேனியத்தில் தெளிவாகக் காணப்பட்டது. உருண்டையை ஒட்டிய தங்கத்தில் அது காணப்படவில்லை. பல்வேறு உருவங்களைக் கணிப்பொறியில் கற்பித்து மோதவிட்டு, எவ்வுருவம் அளவைகளோடு பொருந்துகின்றது என ஆராய்ந்தனர். பழைய முறைகளால் அறியப்பட்ட நீட்சியே இப்புதிய முறையாலும் கிடைத்தது. அதற்கு மேலும், யுரேனியத்தின் நடுப்பகுதி முழு வட்டமன்று, சற்றே நசுங்கியது என்பதற்கும் குறிப்புக் கிடைத்தது. இம்முடிவு 2024-ஆம் ஆண்டு நவம்பரில் ‘நேச்சர்’ இதழில் வெளியாயிற்று.

இரட்டையர் கற்பித்த பாடம்

உருவத்தைப் புறக்கணித்தால் நேரும் இடர்ப்பாட்டை மற்றொரு சோதனை உணர்த்தியது. கருக்கள் விலகி மோதும்போது மிக வலிய காந்தப்புலம் தோன்றும். அப்புலம் தீக்குழம்பினுள் நேர்மின்னையும் எதிர்மின்னையும் இருபுறமாகப் பிரிக்கும் என்று கொள்கை வகுத்தோர் கூறினர். அதனைச் சோதித்தற்கு ருத்தேனியம், சிர்க்கோனியம் என்னும் இரண்டு தனிமங்களைத் தெரிந்தெடுத்தனர். அவ்விரண்டிலும் கருத்துகள்கள் தொண்ணூற்றாறே. ஆயினும் ருத்தேனியத்தில் 44 புரோட்டான்களும், சிர்க்கோனியத்தில் 40 புரோட்டான்களும் உள்ளன. எடையில் இரட்டையர், மின்னேற்றத்தில் மட்டும் வேறுபட்டோர். புரோட்டான் மிகுந்த ருத்தேனியத்தில் காந்தப்புலம் வலிது. பிற யாவும் ஒத்தனவாதலின், மின் பிரிவில் காணும் வேற்றுமை காந்தப்புலத்தாலேயே வந்தது எனத் துணியலாம். எண்ணம் நன்கு அமைந்திருந்தது.

2018-ஆம் ஆண்டில் அம்மோதல்கள் நிகழ்ந்தன. விரும்பிய முடிவை நோக்கி மனம் சாய்ந்துவிடலாகாது என்னும் கருத்தால், ஆராய்வோர் ஓர் உறுதி மேற்கொண்டனர். எந்த அளவை எத்தனிமத்தைச் சார்ந்தது என்பதை அவர்களுக்கே மறைத்து வைத்தனர். ‘இன்னது காணப்பட்டால் கொள்கை மெய்’ என்பதை முன்னரே எழுதி வைத்தனர். ஐந்து குழுவினர் தனித்தனியே கணக்கிட்டனர். 2021-ஆம் ஆண்டில் திரை விலக்கப்பட்டது. எதிர்பார்த்த அடையாளம் கிடைக்கவில்லை.

காரணம் யாது? ‘பிற யாவும் ஒத்தன’ என்று கொண்டதே பொருந்தாதாயிற்று. இரட்டையரின் உருவம் ஒத்ததன்று. நேர் மோதல்களில் ருத்தேனியத்தின் நீள்வட்ட ஓட்டம் சற்று ஓங்கிற்று. மூன்று திசைகளில் மிகும் மற்றொரு வகை ஓட்டம் சிர்க்கோனியத்தில் ஓங்கிற்று. முன்னது முட்டை போன்ற நீட்சியையும், பின்னது பேரிக்காய்போல் ஒருபுறம் பருத்த உருவையும் குறிப்பன. பிறந்த துகள்களின் தொகையும் இரண்டிலும் சிறிது வேறுபட்டது. நூற்றுக்குச் சில பங்கே ஆன இவ்வேற்றுமைகள், தேடிய நுண்ணிய அடையாளத்தைக் காண ஒட்டாது மறைக்கப் போதியனவாயின.

ஆயினும் அறிஞர் மனந்தளரவில்லை. தேடிய பொருள் கிடைக்கவில்லை என்பதை ஒளியாது உலகிற்கு உரைத்தனர். தடையாய் வந்து நின்ற உருவ வேற்றுமையையே, பின்பு உருவத்தை அளக்கும் கோலாக்கிக் கொண்டனர். முள்ளை எடுக்க முள்ளே துணையாயிற்று.

தமிழ்நாட்டிற்கு அண்மையில்

இவ்வாராய்ச்சிகள் கடல் கடந்த நாடுகளில் நிகழினும், இந்திய அறிஞர்க்கு இவற்றில் பங்குண்டு. மோதலில் பிறக்கும் ஒளித்துகள்களை எண்ணும் கருவி ஒன்றைக் கொல்கத்தா, புவனேசுவரம், சண்டிகர், ஜம்மு, ஜெய்ப்பூர் ஆகிய நகரங்களைச் சார்ந்த ஆய்வாளர் கூடி அமைத்தனர். தேன்கூட்டின் அறைகள்போல் அறுகோண அறைகள் நிறைந்த அக்கருவி, ப்ரூக்ஹேவனில் ஸ்டார் கருவியோடும், ஜெனீவா நகரை அடுத்த செர்ன் ஆய்வகத்தில் ஆலிசு கருவியோடும் இணைந்து பணி செய்தது.

செர்ன் ஆய்வகத்தின் வளையம் 27 கிலோமீட்டர் சுற்றளவுடையது. அங்கே 2017-ஆம் ஆண்டில் செனான் கருக்களையும், 2025-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் ஆக்சிஜன், நியான் கருக்களையும் மோதவிட்டனர். ஆக்சிஜனில் பதினாறும், நியானில் இருபதுமே துகள்கள். நியான் கரு, ஒருபுறம் பருத்து மறுபுறம் சிறுத்த சுரைக்காய் போன்றது எனக் கொள்கை வகுத்தோர் முன்னரே கூறியிருந்தனர். அதற்கிணங்க, நேர் மோதல்களில் ஆக்சிஜனைக் காட்டிலும் நியானில் நீள்வட்ட ஓட்டம் மிகுந்திருந்தது. இம்மோதல்களை ஆராய்ந்த குழுக்களுள் சி.எம்.எஸ். என்பதும் ஒன்று. சென்னையிலுள்ள இந்தியத் தொழில்நுட்பக் கழகம் அக்குழுவின் உறுப்பாகும். பீர்க்கன்கரணையில் வாழும் மாணவன் ஒருவன் அந்நெடுஞ்சாலை வழியே வடக்கு நோக்கிப் பேருந்தேறினால், கிண்டிக்கு அப்பால் அக்கழகத்தின் வாயிலை அடையலாம். நியான் கருவின் உருவம் அவ்வளவில் அவனுக்குத் தொலைவானதன்று.

பயன் யாது?

கருவின் உருவத்தை அறிவதால் வரும் பயன் யாது எனச் சிலர் வினவலாம். யுரேனியம் பிளவுறும்போது முதலில் நீண்டு, பின் இடை சுருங்கி, இரண்டாகப் பிரிகின்றது. அங்கும் உருவமே வழிகாட்டுகின்றது. விண்மீன்களிலும் அவற்றின் அழிவிலும் பொன் முதலிய தனிமங்கள் பிறக்கும் முறையை ஆராய்வோர்க்கும் கருக்களின் உருவம் தெரிதல் வேண்டும். ஒருவர் அணியும் சிறு தோட்டிலுள்ள பொன்னும் அவ்வாறு விண்ணில் பிறந்ததே.

இவற்றினும் மேலான பயன் ஒன்று உண்டு. ஒத்தன என்று தோன்றுவனவற்றை ஒத்தன என்றே கொண்டு அமைதல் அறிவன்று. அளந்து காண்பதே அறிவு. அளந்தபோது கருதியது பொய்த்தாலும், அதனை மறையாது உரைப்பது நேர்மை. பொய்த்ததிலிருந்தே புதியதைக் கற்பது ஆற்றல். இம்மூன்றும் அணுவை ஆராய்வோர்க்கு மட்டும் உரியன அல்ல.

அடுத்த முறை ஏரிக்கரையில் ஓட்டாஞ்சில்லைக் கையிலெடுக்கும் சிறுவன், எறியும் முன் அதன் விளிம்பைச் சற்றே தடவிப் பார்ப்பானாக. அது எத்தனை முறை தாவும் என்பது அவன் கைவலிமையில் மட்டும் இல்லை. அவ்வோட்டின் உருவத்திலும் அடங்கியுள்ளது.

பயிற்சி வினாக்கள்

1. ஈயக் கரு உருண்டையாய் இருத்தற்குக் காரணம் யாது?
2. கன அயனி மோதலை விரைந்த படக்கருவி எனக் கூறுவது எவ்வாறு பொருந்தும்?
3. யுரேனியக் கருக்கள் முனையோடு முனை மோதுவதற்கும் பக்கத்தோடு பக்கம் மோதுவதற்கும் உள்ள வேற்றுமைகளைக் கூறுக.
4. ருத்தேனியம், சிர்க்கோனியம் ஆகியவற்றின் மோதலை ஆராய்ந்தோர் மேற்கொண்ட உறுதி யாது? அதன் இன்றியமையாமையை விளக்குக.
5. ‘தடையாய் வந்ததே கோலாயிற்று’ என்னும் கருத்தை அமைத்து, நும் ஊரில் கண்ட நிகழ்ச்சி ஒன்றைப் பத்து வரிகளில் எழுதுக.